தொப்பிக்காரரின் பாடபேதங்கள்

"நான் வாசித்ததை அப்படியே வாசிக்காதீர்கள்" என்று அந்த ஆசிரியர் சொன்னார். காணொளி முடிந்து திரை கறுத்த பிறகும் நான் கிட்டாரை மடியில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பிக்கிறவர் ஒருவர் தம் மாணாக்கரிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வாசித்ததை வாசிக்கக் கூடாது என்றால், அவர் ஏன் வாசித்துக் காட்டினார்? நான் ஏன் கேட்டேன்?

இந்தக் குழப்பத்துக்குள் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பிறகு, சுங்கை லாலாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். இளமையிலிருந்தே பதிகம் ஓதுவது என் வழக்கம். எங்கள் பகுதிச் சிவன் கோயிலில், வெள்ளிக்கிழமை மாலை தீபாராதனைக்கு முன்னால் இறைவன் திருமுன் அமர்ந்து ஒரு பதிகம் பாடுவது என் பணி. யாரும் எழுதிக் கொடுத்த பணியன்று. பாடப் பாட அது எனக்கென்று ஆகிவிட்டது. பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அது குரல் நரம்பைச் சுற்றியே வளர்ந்திருந்ததால், அதை எடுத்தால் குரல் போகக்கூடும் என்று மருத்துவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே போயிற்று. இப்போது எனக்கு இருப்பது காற்று கலந்த ஒரு கிசுகிசுப்பு. மனைவியிடம் காப்பி கேட்க அது போதும். பாட முடியாது.

நான் அமர்ந்திருந்த இடத்தில் கோயிலில் ஓர் ஒலிபெருக்கியை வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடகர் ஒருவர் பாடிய பதிகங்களைப் பென் டிரைவிலிருந்து போட்டார்கள். அவர் என்னைவிட நன்றாகவே பாடினார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தூணோரம் கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்து கேட்கையில், நான் கோயிலுக்கு வந்திருக்கிறேனா, வானொலி கேட்க வந்திருக்கிறேனா என்பது எனக்கு விளங்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே. திருமுன் அந்த இடத்தில் மறுபடி உட்கார வேண்டும். என்னிடமிருந்து எழும் ஏதாவது ஓர் ஒலியை அங்கே வைக்க வேண்டும். காலம் போகப் போக அந்த இடம் ஒலிபெருக்கிக்கே உரியதாகிவிடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது.

இதைப் பக்கத்து ஊரான திகாம் பத்துவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் நண்பரிடம் சொன்னேன். நாங்கள் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள். அவர் இளமையில் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்தவர். தலை முழுக்க நரைத்த பிறகும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கிட்டாரைச் சாத்தி வைத்திருப்பார்.

"குரல் போச்சு, சரி. கை என்னா பாவம் செஞ்சிச்சு? சும்மாதானே மடியில கெடக்கு?" என்றார்.

"இந்த வயசுல கிட்டாரா பாய்?"

"நாதஸ்வரம் ஊத மூச்சு வேணும். வீணை வாசிக்க ஒழுங்கா சம்மணம் போட்டு ஒக்காரணும், உன் முட்டி ஒத்துக்காது. இதுக்கு ஒண்ணும் வேணாம். வீட்டுல பழசு ஒண்ணு தூங்குது. எடுத்துட்டுப் போ லா."

எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பதிகம் ஒன்றின் இசையைக் கம்பிகளில் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். விரல் நுனிகள் கன்றிப்போயின. ஒருநாள் அதை முழுவதும் வாசித்து முடித்து மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கயோ அலாரம் அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குரலில் ஓர் எழுத்தை நீட்டினால் அது நான் விடும்வரை நிற்கும். கம்பியில் தட்டிய ஒலி தட்டிய கணமே சாகத் தொடங்குகிறது. சொல்லும் இல்லை, நீட்டமும் இல்லை, இரண்டும் போன பிறகு மிஞ்சியது எலும்புக்கூடு. நண்பரிடம் முறையிட்டபோது அவர் தம் கைப்பேசியை எடுத்தார்.

"சொல்லு இல்லாத பாட்டுக்கு நடுவுல சொந்தமா ரொப்பணும் சாமி. அதுல கில்லாடிங்க ஜாஸ் வாசிக்கிறவங்க. தாளைப் பாக்க மாட்டாங்க, போற போக்குல வாசிச்சுக்கிட்டே போவாங்க. இந்தா, யூடியூப்ல ஒரு ஆளு இருக்காரு, மொதல்லேர்ந்து பாரு."

அந்த ஆள்தான் தொப்பிக்காரர். பனி விழும் ஏதோ ஒரு நாட்டில், புத்தகங்கள் அடுக்கிய அறை ஒன்றில், வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி அணிந்து உட்கார்ந்திருப்பார். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. பேசும் பொருள்தான் புரியவில்லை. பல கம்பிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் கார்ட் என்றார். கார்ட் மாறும்போது ஒரு சுரம் வீட்டுக்குப் போக ஏங்குகிறது என்றார். ஏக்கம் என்ற சொல் எனக்கு நன்கு அறிமுகமானது. ஆனால் அது ஆன்மாவுக்கு இருப்பதாகத்தான் படித்திருக்கிறேன், சுரத்துக்கு இருப்பதாக அல்ல.

இருந்தாலும் நான் எனக்குத் தெரிந்த முறையில் கற்கத் தொடங்கினேன். எனக்கு ஓதக் கற்பித்தவர் ஓர் அடியைப் பாடுவார். நாங்கள் திருப்பிப் பாடுவோம். ஓர் எழுத்து பிசகினால் முதல் அடிக்கே போக வேண்டும். கச்சேரிப் பாடகர்கள் மனோதர்மம் என்று கற்பனையை விரித்துப் பாடுவதை நானும் அறிவேன். எனக்குக் கற்பித்தவர் அதைப் பதிகத்தின் அருகே அண்ட விடமாட்டார். அருளாளர் பாடியதற்கு மேல் உனக்கு என்ன தோன்றிவிடப் போகிறது என்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்ததில்லை. விடை தேவைப்பட்டதும் இல்லை.

ஆகவே காலையில் குளித்து, நீறு பூசி, விளக்கேற்றிவிட்டு டேப்லட்டின் முன் அமர்வேன். ஒரு பதிகத்தைத் தொடங்கினால் நடுவில் விட்டு எழும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் ஒரு காணொளியைத் தொடங்கினால் அது முடியும்வரை எழமாட்டேன். வாசலில் யார் வந்து அழைத்தாலும் மனைவிதான் போய்ப் பார்ப்பாள்.

"அந்தத் தொப்பிக்காரரு என்ன சாமியா? வெளக்கு வேற ஏத்தி வச்சிருக்கீங்க" என்றாள் ஒருநாள்.

"வித்தை சொல்லித் தர்றவரு."

"அதுக்காக நடுவுல விளம்பரம் வர்றப்பகூடவா கையக் கட்டிக்கிட்டு ஒக்காருவீங்க?"

தொப்பிக்காரர் ஒரு சிறிய மெட்டை வாசித்துவிட்டு, அதன் பிறகு தம் கற்பனையில் நீளமாக ஒன்றை வாசித்துக் காட்டுவார். அந்த நீளமான பகுதியை நான் அடி அடியாகப் பிரித்து மனப்பாடம் செய்தேன். ஓரிடத்தில் அவர் மூக்கைச் சொறிவதற்காகக் கையை எடுப்பார். அங்கே ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியையும் அதே அளவில் கற்றுக்கொண்டேன். கற்று முடித்த அன்று, நெடுங்காலத்துக்குப் பிறகு, ஒரு பதிகத்தைப் பாடமாக்கிய நிறைவு எனக்கு உண்டாயிற்று.

மறுநாள் அடுத்த காணொளியைத் திறந்தேன். அதே மெட்டு. பிறகு அவர் வாசித்தது முற்றிலும் வேறு.

மறந்துவிட்டார் போலும் என்று எண்ணினேன். வயதில் அவரும் இளையவர் அல்லர். இன்னொரு காணொளியில் பார்த்தேன். அங்கே மூன்றாவதாக ஒன்று இருந்தது. அப்போது என் மனம் தனக்குப் பழக்கமான வழியில் ஓடியது. பழைய ஏடுகளில் ஒரே பாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் இருப்பதுண்டு. ஏடு எழுதியவர் கை தவறியிருக்கலாம். பாடியவர் நாவில் மாறியிருக்கலாம். பதிப்பிக்கிறவர்கள் ஒப்பிட்டு, மூலத்தைத் தேர்ந்து, மற்றவற்றைப் பாடபேதம் என்று அடியில் குறிப்பார்கள். நானும் ஒப்பிட்டேன். மூன்றுக்கும் பொதுவான சுரங்கள் எவை, எந்த இடத்தில் பிரிகின்றன என்று பல காலைப் பொழுதுகளை அதில் செலவிட்டேன். மூலம் அகப்படவில்லை. முடிவில், கற்பித்தவரையே கேட்பதுதான் முறை என்று தோன்றியது. மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் வாசித்த மூன்றில் எது மூல பாடம் என்று அறிய விரும்புகிறேன் எனக் காணொளியின் கீழே, அலுவலகத்தில் எழுதிப் பழகிய ஆங்கிலத்தில், பணிவாக எழுதினேன்.

பதில் வந்தது. மூன்றும் அந்தந்தக் காலையில் எனக்குத் தோன்றியவை, நண்பரே என்று எழுதியிருந்தார். அதன் கீழே முகமறியாத யாரோ சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"அன்னன்னிக்குக் காலையில தோணினதாம்."

"அப்ப நான் ரசம் வைக்கிற மாதிரி. நேத்து மாதிரி இல்லையேன்னு நீங்ககூடக் கேப்பீங்க. என்னமோ அந்த நேரத்துக்குக் கை போன போக்கு."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரசத்துக்கு மூல பாடம் இல்லை என்பதை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அன்றன்று தோன்றுவதை எப்படிக் கற்பது? தோன்றாவிட்டால் என்ன செய்வது? அதற்கடுத்த காணொளியில்தான், நான் வாசித்ததை அப்படியே வாசிக்காதீர்கள் என்று அவர் சொன்னார்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனேன். பகல் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருந்தது. நண்பர் மேசைகளைத் துடைக்கச் சொல்லிவிட்டு, கடையின் பின்புறம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். அவர் தம் கிட்டாரில் கார்டுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தொப்பிக்காரரின் முதல் பாடத்தைப் பிழையில்லாமல் வாசித்தேன். அவர் கை நின்றது.

"என்னா சாமி, அந்த ஆளை உள்ள வச்சுத் தச்சுக்கிட்டு வந்துட்டியா? நடுவுல கொஞ்சம் நிறுத்துனியே, அது ஏன்?"

"அங்கே அவர் மூக்கைச் சொறிவார்."

அவர் சிரித்த சிரிப்பில் சமையற்கட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். "அல்லா! மூக்கு சொறியிறதையுமா பாடம் பண்ணுவே?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்ப வேற மாதிரி தட்டுறேன். நீ உன்னோடதச் சொல்லு."

கார்டுகள் மாறின. நான் கற்றது எதுவும் அவற்றில் பொருந்தவில்லை. கம்பிகளின் மேல் விரல்களை வைத்தபடி காத்திருந்தேன்.

"சொல்லு லா."

"என்ன சொல்ல?"

"அதான் கேக்குறேன், உனக்கு என்னா சொல்லணும்?"

"பாய், நான் இதைக் கத்துக்கிறது பதிகத்துக்காக. அதுல என் கற்பனையைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. அது அருளாளர் வாக்கு. நான் யாரு?"

அவர் கிட்டாரைக் கீழே வைத்தார். இப்போது சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அப்படித்தான். ஓதுறதுல ஒரு எழுத்து, ஒரு நீட்டம் மாத்த மாட்டோம். மாத்தவும் கூடாது. ஆனா தொழுது முடிச்சிட்டுக் கை ஏந்துறோம் பாரு, துஆ. அங்க ஓதுனதும் கேக்கலாம், நம்ம வாயில வந்ததும் கேக்கலாம். தமிழ்ல கேப்பேன், மலாய்ல கேப்பேன். சில நாளு என்னா கேட்டேன்னே தெரியாது. நீங்க அப்படிக் கேக்க மாட்டீங்களா?"

நான் கிட்டாரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பேருந்தில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி என்னோடு வந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது காய்ச்சல் தீர்க்கும் பதிகம் ஓதினேன். அவள் திருமணம் தள்ளிப்போனபோது அதற்குரியதை ஓதினேன். அறுவைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோதும், மயக்க மருந்து என்னை மூடும்வரை மனத்துக்குள் ஓதிக்கொண்டுதான் இருந்தேன். வாழ்க்கையில் வரக்கூடிய எல்லாவற்றுக்கும் எனக்கு முன்னே யாரோ உருகிப் பாடி வைத்திருந்தார்கள். நான் என் சொல்லில் இறைவனிடம் எதையும் கேட்டதே இல்லை. இது என் செல்வமா, என் வறுமையா? அன்றுவரை செல்வம் என்றே நம்பியிருந்தேன். அப்படிச் செல்வம்தான் என்றால், அதிலிருந்து ஒரு சுரம்கூட எடுத்துக்கொடுக்க என் கைக்கு ஏன் தெரியவில்லை? இன்னொன்றும் தோன்றி என்னை மேலும் குழப்பியது. அந்த அருளாளர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்து, கோபுரத்தைக் கண்டு, கண்ட இடத்திலேயே பாடியவர்கள். அவர்களுக்கு முன்னால் எந்தப் பாடமும் இருக்கவில்லை. அவர்களைப் போல நானும் என்று நினைப்பது ஆணவம். அவர்கள் செய்யாததை நான் செய்கிறேன் என்பதும் உண்மையன்று. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது?

கோயில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர், ஆனால் கிட்டார் என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிட்டாருங்களா ஐயா? கோயில்லயா?"

"பதிகம்தான் வாசிப்பேன்."

"உங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது ஐயா. ஒரு வெள்ளி பாப்போம். ஆனா சரிப்பட்டு வரலைன்னா பென் டிரைவ்தான். அதுக்கப்புறம் என்னை மறுபடி கேக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தரு டிரம் செட்டத் தூக்கிட்டு வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

ஒரு வெள்ளி. அதில் தவறினால் தூணோரம்தான் எனக்கு நிலை என்பது இருவருக்கும் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என் பழைய இடத்தில் பாய் விரித்திருந்தார்கள். கூட்டம் வழக்கமானதுதான், என் மடியில் இருந்ததைப் பார்த்துச் சிலர் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். முதல் பாட்டின் இசையைத் தொடங்கினேன். சொல் இல்லாமலே பெண்கள் பக்கத்தில் சிலருக்கு அது பிடிபட்டுவிட்டது. உதடுகள் அசைவதைக் கண்டேன். அது எனக்குத் தெம்பாக இருந்தது. முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால், சொந்தமாக நிரப்ப வேண்டிய அந்த இடைவெளி வந்தது.

தொப்பிக்காரரின் பாடம் விரல் நுனிக்கு வந்து நின்றது. எவ்வளவு நன்றாகப் படிந்திருந்தது என்றால், நான் தடுக்காவிட்டால் அதுவே ஓடியிருக்கும். பனி நாட்டில் யாரோ ஒருவருக்கு ஒரு காலையில் தோன்றியதைச் சிவன் திருமுன் என் வேண்டுகோளாக வைப்பதா? கையை எடுத்துவிட்டேன். மின்விசிறியின் ஒலி கேட்டது. தலைவர் ஒலிபெருக்கி இருந்த பக்கம் திரும்புவதைப் பார்த்தேன்.

இறைவனிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். என்ன கேட்பது? குரல் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்பது பிடிவாதம். இந்த இடத்தைக் கேட்பது பேராசை. வேறு கேட்க ஒன்றும் அகப்படாமல் கண்ணை மூடி ஒரு கம்பியைத் தட்டினேன். அது சாவதற்குள் இன்னொன்று. மூன்றாவது, அந்தப் பண்ணில் வரவே கூடாத ஒரு சுரம்; விரல் சறுக்கிவிட்டது. ஓதும்போது இப்படி ஆனால் முதல் அடிக்குப் போவேன். இங்கே போவதற்கு முதல் அடி இல்லை. அந்தத் தவற்றைத் தொட்டபடியே மேலும் சில சுரங்கள் போனேன், திரும்பி வர வழி தேடினேன், ஓரிடத்தில் வழி கிடைத்தது போலிருந்தது, மறுபடி தொலைந்தது. பதிகத்தின் இரண்டாம் பாட்டுக்கு நான் எப்போது வந்தேன், வந்தேனா என்பதே எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது குருக்கள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும், பாடுவோர் பெறும் பயனும் வரும். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் அவர் கற்பூரம் ஏற்றுவார், மணி ஒலிக்கும், எல்லாரும் எழுந்து கைகூப்புவார்கள். இன்று சொற்கள் இல்லை. முடிவு எது என்று அவருக்குத் தெரியவில்லை. புருவத்தை உயர்த்தி, முடிந்ததா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நான் விழிப்பதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு கற்பூரத்தை ஏற்றினார். மணி ஒலித்தது, எல்லாரும் எழுந்தார்கள். என் கை மட்டும் நிற்கவில்லை. மணி தயங்கி நின்றது. கற்பூரம் எரிந்து அணைந்தது. உயர்த்திய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று கூட்டம் தவித்தது. குருக்கள் மற்றொரு கட்டியை வைத்து ஏற்றினார். அப்போது என் விரல் ஏதோ ஒரு கம்பியில் நின்றது. அது முடிவா, களைப்பா என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியாது. மணி மறுபடி ஒலித்தது.

திருநீறு வாங்கிக்கொண்டு வந்த ஓர் அம்மையார் என்னிடம் நின்றார். "ஐயா, நடுவுல ஒண்ணு வாசிச்சீங்களே, அது எந்தப் பதிகம்? எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு, சொல்லு மட்டும் வாயில வரல."

பதிகம் என்றால் பொய்யாகும். நானே போட்டது என்று சொல்ல என் நா எழவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியாமலா வாசிச்சீங்க?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் கைகூப்பினேன். அதற்குள் தலைவர் வந்துவிட்டார். அவர் முகத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியவில்லை.

"ஐயா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நல்லா இருந்துச்சா இல்லையான்னுகூடச் சொல்லத் தெரியல" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒருத்தரும் எழுந்து வெளிய போகல. அடுத்த வெள்ளியும் வாங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க, முடியிறப்ப குருக்களைப் பாத்துத் தலைய ஒரு ஆட்டு ஆட்டிருங்க. அவரு பாவம், தட்டோட தவிச்சுப் போயிட்டாரு."

சரி என்றேன். இந்த வாரம் முழுவதும் வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலையை எங்கே ஆட்டுவது என்று மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.